எலி டாக்டரும் என் சாவிக்கொத்தும்

எலி டாக்டர் ஓய்வுபெற்ற நாளில் துறைத்தலைவர் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். ஒன்றரைப் பக்கம். பிறந்தார், படித்தார், பட்டம் பெற்றார், மனிதர்கள் போதைக்கு அடிமையாவது குறித்த மருந்தியல் ஆய்வில் முப்பத்தோரு ஆண்டுகள் அரும்பணி ஆற்றினார், கைதட்டுங்கள். தட்டினோம். அந்த ஒன்றரைப் பக்கத்தில் எலி என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. முப்பத்தோரு வருடம் எலிகளோடு குடும்பம் நடத்தியவரின் கதையை எலியே இல்லாமல் எழுதுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது எங்கள் துறைத்தலைவருக்கு உண்டு. பதினேழாம் எண் மருந்தைப் பற்றி மூச்சு இல்லை. டாக்டரின் தம்பியைப் பற்றிப் பேச்சு இல்லை. நானும் அதில் இல்லை, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். நான் யார் என்று கேட்டால், அந்த ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் இருந்த விலங்குக் கூடத்துக்குப் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்பதெல்லாம் கதவில் மாட்டிய பலகையோடு சரி. தீனி போடுவது, தண்ணீர்ப் புட்டி மாற்றுவது, கூண்டில் மரத்தூளை அள்ளிக் கொட்டிப் புதிது போடுவது, இதுதான் வேலை. என் இடுப்பில் இருபத்து மூன்று சாவிகள் கோத்த ஒரு கொத்து எப்போதும் தொங்கும். நான் வருவது அரை மைல் தூரத்துக்குக் கேட்கும் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அங்கே பெயரே சாவிதான். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுகிறார், பழகிவிட்டது.

டாக்டரின் முதல் ஆய்வு அவருடைய பதினோராவது வயதில் நடந்தது. ஆய்வுக்கு அகப்பட்டவர் அவருடைய அப்பா. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். அம்மா திட்டுவார், அழுவார், பாக்கெட்டை ஒளித்து வைப்பார். மகள் அந்த வம்புக்கெல்லாம் போகவில்லை. ஒரு நோட்டை எடுத்தார், எழுதினார். காலை 6.40, காபிக்குப் பிறகு. 7.15, மாமாவின் கடிதம் வந்த பிறகு. 8.05, நான் மதிப்பெண் அட்டை காட்டிய பிறகு. ஒரு மாதம் கழித்து நோட்டு அப்பாவின் கையில் சிக்கிவிட்டது. தொழில் புத்தி போகுமா, முதலில் எழுத்துப் பிழைகளைத் திருத்தினாராம். அப்புறம்தான் என்ன எழுதியிருக்கிறது என்பது மண்டையில் ஏறியிருக்கிறது. "பெத்த அப்பனையே வேவு பாக்குறியா?" என்று கத்தி, நோட்டை நாலாய்க் கிழித்துப் போட்டு, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். மகள் குனிந்து கிழிந்த தாள் ஒன்றைப் பொறுக்கி, "மாலை 5.20, நோட்டைப் பார்த்த பிறகு" என்று எழுதிக்கொண்டார்.

இதை அவரே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கும் சிரிப்பு வரும். அந்தக் கடைசி வரியை நாங்கள் இரண்டு பேருமே சரியாகப் படிக்கவில்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

நிலையத்துக்கு அவர் வந்த முதல் வாரமே எங்களுக்குள் சண்டை. நான் எலிகளுக்குப் பெயர் வைத்திருந்தேன். ஒரு கிழட்டு எலி மற்றவர்கள் தலைமேல் படுத்துக்கொண்டே தின்னும், அதற்கு மேனேஜர் என்று பெயர்.

"எலிக்குப் பேர் வெக்கக் கூடாது" என்றார் டாக்டர். "பேர் வெச்சா பாசம் வரும். பாசம் வந்தா ஆராய்ச்சி கெட்டுப் போகும்."

"பாசம் இல்லாட்டி தண்ணிப் புட்டி காலியா கெடக்கறது கண்ணுல படாது மேடம்" என்றேன்.

முறைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர் நம்பர் சொல்வார், நான் பெயர் சொல்வேன். "நாப்பத்திரெண்டு எப்படி இருக்கு?" "மேனேஜருக்கு இன்னிக்குக் கொஞ்சம் வயிறு சரியில்ல." இப்படியே முப்பத்தோரு வருடம் ஓட்டினோம். சாதாரண நாட்களில் என்னை நீ, வா, போ என்பார். கோபம் வந்தால் மட்டும் "நீங்க" என்று மரியாதை ஏறும்.

அவருடைய ஆராய்ச்சி கேட்பதற்குச் சுலபம். ஒரு பெட்டி, அதற்குள் ஒரு எலி, சுவரில் இரண்டு லீவர்கள். வலது லீவரை அழுத்தினால், கழுத்து நரம்பில் செருகியிருக்கும் மெல்லிய குழாய் வழியாக ஒரு துளி போதை மருந்து உள்ளே போகும், மேலே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். இடது லீவரில் ஒன்றும் கிடையாது. எலி இரண்டு நாளில் கற்றுக்கொண்டுவிடும். எங்கள் துறைத்தலைவர் புது ஜெராக்ஸ் இயந்திரத்தைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் எடுத்தார். கொஞ்ச நாள் கழித்துப் போதை மருந்தை நிறுத்திவிட்டு வெறும் உப்புநீரை விடுவார்கள். எலி அழுத்திப் பார்க்கும், திட்டும் (எலி திட்டும், எனக்குத் தெரியும்), சலித்துப்போய் ஒரு மூலையில் சுருண்டுவிடும். அப்புறம் ஒரு நாள் அந்த மஞ்சள் விளக்கை மட்டும் எரியவிட்டால், பாவி எலி எழுந்து ஓடிப்போய் மறுபடி அழுத்து அழுத்து என்று அழுத்தும்.

"விடறது பெரிய காரியமே இல்ல சாவி. எத்தனையோ பேர் எத்தனையோ தடவை விட்டிருக்காங்க" என்பார் டாக்டர். "விட்டவன் ஏன் திரும்பப் போறான்? அதைச் சொல்லு, உனக்கு என் நாற்காலியைத் தரேன்."

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். தம்பியிடமிருந்து வந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்டையும் அவன்தான் பார்த்துக்கொண்டான், அப்படித்தான் எனக்குப் பழக்கம். அக்காவைவிட ஆறு வயது சின்னவன், அக்காவைவிட அறுபது மடங்கு கலகலப்பானவன். என்னைச் சாவிக்கா என்பான். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி பிடித்து, யாரோ ஒரு மருத்துவர் இருமல் மருந்து எழுதிக்கொடுத்தார். இனிப்பாக, தூக்கம் வருகிற மாதிரி, அபினியின் சித்தப்பா மகன் கலந்த மருந்து. இருமல் பத்து நாளில் போய்விட்டது. மருந்து போகவில்லை. இருமலே இல்லாத மனுஷன் நாளைக்கு மூன்று பாட்டில் இருமல் மருந்து குடித்தான். "மேல போறதும் கீழ வர்றதும்தானே சாவிக்கா என் தொழிலே" என்று சிரிப்பான். ஒரு நாள் கண் செருகியபடி லிஃப்ட் குழிக்குள் இறங்கி, ஒரு மாடி உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அத்தோடு சிரிப்பு நின்றது. மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவோம் என்று கம்பெனி எழுதிக்கொடுத்துவிட்டது. இன்னொரு தடவை விழுந்தால் உரிமம் மட்டுமா போகும்?

அவன் விடவில்லை என்று சொல்லிவிடாதீர்கள், ஐந்து தடவை விட்டான். ஐந்து தடவையும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தோற்றுப்போனான்.

ஞாயிறுதோறும் டாக்டர் அவன் வீட்டுக்குப் போவார். நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாற்பது நிமிடம் கார் ஓட்டிப் போவார். வாசலில் நின்று இரண்டு சின்ன ஹாரன் அடிப்பார், பீப் பீப். மாடி ஏறுவார். "கண்ணைக் காட்டு" என்று பேனா அளவு டார்ச்சை அடித்துக் கண்மணி எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்பார். குளியலறை அலமாரி, ஷூவுக்குள், பழைய செய்தித்தாள் கட்டுக்குப் பின்னால், எல்லாம் சோதனை. அப்புறம் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக் கொடுப்பார். அவ்வளவு அன்பு. அந்த அன்பைப் பார்த்தால் எனக்கே கண்ணீர் வரும். விடுமுறை நாள் வேலை இல்லாமல் இருப்பதால்தான் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் சறுக்குகிறான் என்று நாங்கள் எல்லோரும் பெரிய மேதாவிகள் மாதிரி முடிவு கட்டியிருந்தோம்.

டாக்டர் பன்னிரண்டு வருடம் தேடினார். விட்டவர்கள் திரும்பப் போகாமல் தடுக்கிற மருந்து ஒன்றை. ஒன்று முதல் பதினாறு வரை எல்லாம் ஊற்றிக்கொண்டன. ஏழாம் எண் கொடுத்த எலிகள் மூன்று நாள் தூங்கின. பதினொன்றாம் எண்ணைப் பற்றி நான் பேச விரும்பவில்லை, கூண்டு கழுவியவள் நான். பதினேழாவதுதான் வேலை செய்தது.

எங்களிடம் சரியாக ஓடுகிற பெட்டி எட்டுதான். கூடுதல் பெட்டி கேட்டதற்குத் துறைத்தலைவர் கையை விரித்தார். அதனால் முதல் மாதம் பதினேழைக் கொடுக்காத எலிகளைச் சோதித்தார்கள். விளக்கு எரிந்ததும் எட்டும் வெறி பிடித்தது போல அழுத்தின. அடுத்த மாதம், அதே மாதிரி பழக்கி வைத்திருந்த வேறு எட்டு எலிகளுக்குப் பதினேழைக் கொடுத்துச் சோதித்தார்கள். விளக்கு எரிந்தது. எட்டும் தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்த மாதம் நான் பித்தப்பைக் கல் எடுத்துவிட்டு வீட்டில் படுத்திருந்தேன். டாக்டர் போன் செய்து குழந்தை மாதிரி கத்தினார். "சாவி! தூங்குது சாவி! எட்டும் தூங்குது!" நானும் தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. பட்டியலில் தம்பியின் பெயரும் இருந்தது. "நாலே நாலு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருடா, பதினேழு வந்துடும்" என்று அவனிடம் சொன்னார். அவனும் ஆறாவது தடவையாக விட்டான். மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் சம்பிரதாயத்துக்காக எலிகளில் இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டியிருந்தது. நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன்.

பதினேழு கொடுத்த எட்டு எலிகளும் லீவரை உடைக்கிற மாதிரி அழுத்தின.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மருந்தைச் சோதித்தார், குழாயைச் சோதித்தார், தராசைச் சோதித்தார், மூன்று வாரம் சோறு தண்ணி இல்லாமல் சோதித்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீங்க தீனியை மாத்தினீங்களா?"

நீங்க! எனக்கு வந்ததே ஒரு கோபம். "இருபத்திரெண்டு வருஷமா அதே தீனிதான் போடறேன். உங்க மருந்து ஊத்திக்கிட்டா என் தலையில கட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு, நாலு நாள் அவரோடு பேசவில்லை. வாய் பேசவில்லையே தவிரக் கை சும்மா இருக்கவில்லை. கோபத்தில் கதவை அறைந்து, சாவிக்கொத்தை ஜல் ஜல் என்று ஆட்டிக்கொண்டேதான் காரிடாரில் நடந்தேன். கேட்கட்டும் என்றே ஆட்டினேன்.

ஐந்தாவது நாள் காலை லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிவிட்டது. தம்பி வந்தான். ஏதோ உதிரிப்பாகம் வருகிற வரைக்கும் வேலை இல்லை என்று, பெட்டி அறைக்கு அடுத்த கண்காணிப்பு அறையில் போய் உட்கார்ந்தான். அங்கே ஒரு திரையில் எட்டுப் பெட்டியும் தெரியும். டாக்டர் பக்கத்து மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். நான் பெட்டி அறையைத் திறக்க வழக்கம்போல வந்து, திறந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

"அக்கா" என்றான் தம்பி. "விளக்கு இன்னும் எரியலதானே?"

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. தொணதொணன்னு பேசாத."

"அப்ப ஏன் எல்லாம் எழுந்து நிக்குது?"

டாக்டர் நிமிர்ந்தார். எட்டு எலிகளும் அதனதன் பெட்டியில் வலது லீவருக்கு முன்னால், கல்யாணப் பந்திக்கு இடம் பிடித்தவர்கள் மாதிரி நின்றன.

"சாவிக்கா, இங்கருந்து போய் மறுபடி நடந்து வாங்க" என்றான். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே போனேன், வந்தேன். "இப்ப சாவியைத் துண்டுல சுத்திக்கிட்டு வாங்க." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு, சாவியைத் துண்டில் மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பூனை மாதிரி வந்தேன். எலிகள் சுருண்டு படுத்துவிட்டன. டாக்டர் மஞ்சள் விளக்கைப் போட்டார். ஒன்றும் அசையவில்லை. பன்னிரண்டு வருடமாக அவர் அளந்த விளக்கு! பிறகு காரிடார் கோடிக்குப் போய்த் துண்டைப் பிரித்து ஒரே ஒரு தடவை குலுக்கினேன். எட்டும் எழுந்து ஓடின.

காலையில் கதவைத் திறப்பது நான். கதவு திறந்தால்தான் பெட்டி ஓடும், பெட்டி ஓடினால்தான் மருந்து. விளக்கு அப்புறம் வருகிற சங்கதி. எலிகளுக்கு என் சாவிதான் மருந்தின் வாசல். சாவி உரசுகிற கீச்சொலி நம் காதுக்குப் பாதிதான் கேட்குமாம், எலிக்கு முழுசாகக் கேட்குமாம். நான் பித்தப்பையோடு படுத்திருந்த மாதத்தில், எனக்குப் பதிலாக வந்த ஸ்டோர் ஆள் ஒரே ஒரு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரப்பர் செருப்பில் வந்து போயிருக்கிறான். அதனால் தூங்கியிருக்கின்றன. பதினேழுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டாக்டரின் குறிப்பேட்டில் அறையின் வெப்பம் இருந்தது, ஈரப்பதம் இருந்தது, மரத்தூள் எந்த மரத்துத் தூள் என்பதுவரை இருந்தது. நான் இல்லை.

டாக்டர் கவிழ்த்து வைத்திருந்த தீனி வாளிமேல் உட்கார்ந்தார். அங்கிருந்தே தம்பியைக் கேட்டார். "பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரியாதது உனக்கு அஞ்சு நிமிஷத்துல எப்படித் தெரிஞ்சது?"

அவன் தரையைப் பார்த்தான். "எனக்கும் ஒரு சாவிச் சத்தம் இருக்குக்கா."

"என்ன சத்தம்?"

"உன் ஹாரன்."

அவன் நிறுத்தாமல் சொல்லிவிட்டான், நிறுத்தியிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். "ஆரம்பத்துல உன் ஹாரன் கேட்டதும், நீ பாத்துடக் கூடாதுன்னு பாட்டில்ல இருக்கறதைக் கடகடன்னு குடிச்சிட்டு ஜன்னல் வழியா வீசிடுவேன். ரெண்டு வருஷம் அப்படியே பண்ணேன். இப்ப பாட்டில் இல்ல. ஆனா நீ பீப் பீப்னு அடிச்சதும் வாய்ல அந்த இனிப்பு வந்துடுதுக்கா. நீ படி ஏறி வர்றதுக்குள்ள கை வேர்த்துடும். நீ டார்ச் அடிக்கும்போது நான் சுத்தமாத்தான் இருப்பேன். நீ போன பத்தாவது நிமிஷம் மருந்துக்கடை வாசல்ல நிப்பேன்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல சமாளிச்சிடறேன்."

"ஏன்டா இத்தனை வருஷமா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உன்னைப் பாத்தாதான் எனக்குக் குடிக்கத் தோணுதுன்னு, ஆப்பிள் நறுக்கிக் குடுக்கற அக்காகிட்ட எப்படிச் சொல்றது?"

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாவியைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், ஒரு சத்தமும் வந்துவிடக் கூடாது என்று.

மறுநாளே டாக்டர் பதினேழைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடிதம் எழுதினார். துறைத்தலைவர் அலறியடித்துக்கொண்டு அடித்தளத்துக்கே இறங்கி வந்தார். "சாவிக்காரம்மாவை வேற இடத்துக்கு மாத்திட்டு அமைதியா மறுபடி செஞ்சிடலாம் டாக்டர். யாருக்குத் தெரியப் போகுது?"

"எலிக்குத் தெரியுமே" என்றார் டாக்டர்.

சாவியைத் துண்டில் சுற்றி, இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் வைத்து மறுபடி சோதித்தார்கள். பதினேழு வெறும் தண்ணீரைவிடக் கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான். மனிதர்களுக்குக் கொடுக்கிற ஏற்பாடு ரத்தானது. இயக்குநர் பதவி அவருக்குத்தான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள், அது வேறு ஒருவருக்குப் போனது. டாக்டர் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதைப் படித்துவிட்டு எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆய்வாளர்கள் கடிதம் போட்டார்கள். ஓர் ஆய்வகத்தில் கூண்டு கழுவுகிறவர் சீட்டியடிக்கிறவராம். அந்த எலிகள் சீட்டிக்கு எழுந்து நின்றனவாம். கட்டுரையின் அடியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார், எழுத்துப் பிழையோடு. அவருடைய அப்பா உயிரோடு இருந்திருந்தால் திருத்தியிருப்பார்.

அதெல்லாம் அவரை அசைக்கவில்லை. தம்பி வீட்டுக்குப் போகாமல் இருப்பதுதான் அவரைக் கொன்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் கதவைத் திறந்து உட்காருவாராம், இறங்குவாராம், மறுபடி உட்காருவாராம். அவருக்குப் பதிலாக ஞாயிறுதோறும் நான்தான் தம்பியைப் போய்ப் பார்த்தேன். திங்கட்கிழமை என்னிடம் வந்து நிற்பார். "பாத்தியா? சாப்பிட்டானா? கண்ணு எப்படி இருந்தது?"

"மேடம், கை நடுங்குது உங்களுக்கு. எலி கெட்டுது போங்க" என்றேன் ஒரு நாள். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வழி சொன்னவன் தம்பிதான். சாவியைக் குலுக்கிக் குலுக்கி மருந்து தராமலே இருந்தால் ஒரு நாள் எலி அந்தச் சத்தத்தைச் சட்டை செய்யாது என்பது அவனுக்கும் தெரியும். "அதையே எனக்கும் பண்ணு. வா, ஹாரன் அடி, மேல வராம போயிடு. சாவிக்கா என்கூட உக்காந்திருக்கட்டும்" என்றான். வீட்டுக்குள்ளே அடங்கின ஆசை வேறு இடத்துக்குப் போனதும் திரும்ப முளைக்கலாம், இது உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் ஆயிரம் பயம் சொன்னார். முப்பது வாரம் என்று கணக்கும் போட்டார். பிறகு ஒத்துக்கொண்டார்.

இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்தை நான் பார்த்ததில்லை. முப்பத்தோரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய பெண்மணி, ஞாயிறுதோறும் நாற்பது நிமிடம் கார் ஓட்டி வருவார், பீப் பீப், அப்புறம் நாற்பது நிமிடம் திரும்பிப் போவார். நானும் தம்பியும் மேலே சீட்டாடுவோம். முதல் வாரம் ஹாரன் கேட்டதும் அவன் கையிலிருந்த சீட்டுகள் இரண்டாக மடிந்துவிட்டன. முகமெல்லாம் வேர்வை.

"சாவிக்கா, கதவைத் திறங்க. ஒரு பிஸ்கட் வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

"டப்பா நெறைய இருக்கு. தின்னு."

"வேற பிஸ்கட்."

"உனக்கு இருக்கற நாக்குக்கு இது போதும். சீட்டைப் போடு."

இரண்டு மணி நேரம் கெஞ்சினான், கத்தினான், என் சமையலைப் பற்றி வாய்க்கு வந்ததெல்லாம் பேசினான். நான் அசையவில்லை. இருபத்து மூன்று சாவியையும் துண்டில் சுற்றி அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் டாக்டர் போன் செய்தார். "ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எவ்வளவு தவிச்சான்? எத்தனை நிமிஷம்? ஒரு நோட்டு போட்டு எழுதி வை."

"நோட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்றேன். "உங்க அப்பா எதைப் பாத்துட்டு அந்த அஞ்சு இருபது சிகரெட்டைப் பத்த வெச்சாரு? மறந்துட்டீங்களா?"

அந்தப் பக்கத்திலிருந்து "ஐயோ" என்று மெதுவாக ஒரு குரல் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு அவர் எண் கேட்கவே இல்லை. "நல்லா இருக்கானா?" என்பார். "இருக்கான்" என்பேன். வைத்துவிடுவார்.

இருபத்தாறாவது வாரம் ஆட்டத்தின் நடுவில் தம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னிக்கு அக்கா வரலையா?"

"பத்து நிமிஷம் முன்னாடியே அடிச்சிட்டுப் போயாச்சு."

என்னையே பார்த்தான். "என் காதுல விழவே இல்லையே" என்றான். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவ்வளவு பெரிய ஆம்பளை தேம்பித் தேம்பி அழுதான். நான் என்ன செய்ய, பிஸ்கட் டப்பாவை அவன் பக்கம் தள்ளினேன்.

அடுத்த ஞாயிறு அவன் முன்னாலேயே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். பீப் பீப் என்றதும் கீழே பார்த்துக் கத்தினான். "மேல வாக்கா!"

டாக்டர் கார் ஜன்னலில் தலையை நீட்டினார். "இன்னும் மூணு வாரம் பாக்கி இருக்குடா!"

"இதை எலியா கேக்குது? நான் கேக்கறேன். வா!"

தெருவே பார்த்தது. டாக்டர் காரைப் பாதி நடைபாதையில் ஏற்றி நிறுத்திவிட்டு மேலே வந்தார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது அவர் அந்தப் படியை மிதித்து. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வெயில் அதிகமாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றோம். அலமாரிப் பக்கம் பார்வை போனது, இழுத்துக்கொண்டார். ஷூ பக்கம் போனது, இழுத்துக்கொண்டார். கைப்பையை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தம்பி எழுந்து போய் அவர் முன்னால் குனிந்து கண்ணை அகல விரித்தான். "பாத்துக்கோ."

டாக்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். "டார்ச் கொண்டு வரலடா."

சொல்லிவிட்டு மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். அதோடு டார்ச்சும் பையிலிருந்து விழுந்து, தரையில் உருண்டு, என் காலில் வந்து முட்டி நின்றது. தம்பி அதை எடுத்து அமுக்கினான். எரியவில்லை. திருகித் திறந்து பார்த்தான். உள்ளே காலி.

"பேட்டரி எங்க?"

"போன வருஷமே எடுத்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டுத் திரியற?"

டாக்டர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நானும் காலி பாட்டிலை ஆறு மாசம் சட்டைப்பையிலேயே வெச்சிருந்தேன்கா" என்றான் தம்பி. டார்ச்சைத் திருகி மூடி, அவருடைய பைக்குள்ளேயே பத்திரமாகப் போட்டான். பிறகு மேசைக்கு வந்து, சீட்டைக் குலுக்கி, மூன்று பேருக்குப் போட்டான்.

டாக்டருக்குச் சீட்டாடவே தெரியாது. அன்றைக்கு ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றார்.